அசையாதவர் குழு

நடப்பதால் மனிதருக்கு என்ன நன்மை என்று கண்டுபிடிப்பதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. அது ஒரு பழைய கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. மேலே போகப் படிக்கட்டும் உண்டு, லிஃப்ட்டும் உண்டு. படிக்கட்டின் பாதி அகலத்தை உடைந்த நாற்காலிகளும் காலி எலிக்கூண்டுகளும் அடைத்துக்கொண்டிருந்தன. விஞ்ஞானிகள் எல்லோரும் லிஃப்ட்டில்தான் போய் வந்தார்கள். அது கீழே வரும்வரை காத்திருக்கும் நேரத்தில் நடைப்பயிற்சியைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

கண்டக்டர் முதல் நாள் படியேறித்தான் போனார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓடுகிற பஸ்ஸுக்குள் முன்னுக்கும் பின்னுக்கும் நடந்தே ஆயுளைக் கழித்தவர். இடம் காலியாக இருந்தாலும் உட்காரத் தெரியாது. கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்தாலும் பாதியில் எழுந்து யாருக்காவது தண்ணீர் ஊற்றப் போய்விடுவார். வேலையை விட்டு வந்த பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான்.

அவர் அங்கே போனது மனைவிக்காக. அந்த அம்மா தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். நம்பரைச் சொல்லி முடிப்பதற்குள் யார் வீடு, யார் எடுப்பார்கள், அந்த நேரத்தில் எடுப்பார்களா மாட்டார்களா என்பதுவரை சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட ஞாபகம் இப்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவிக்கொண்டிருந்தது. அடுப்பில் பால் வைத்ததை மறந்தார். பிறகு அடுப்பையே மறந்தார். வெளியூரிலிருந்து மகள் போன் செய்தால், "எந்த நம்பர் வேணும்?" என்று மரியாதையாகக் கேட்டார். மகள் அந்தப் பக்கம் அழுவது கண்டக்டருக்குக் கேட்கும்.

ஒன்றை மட்டும் அந்த அம்மா மறக்கவில்லை. வெயில் தாழ்ந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். கல்யாணமான புதிதிலிருந்து, ட்யூட்டி இல்லாத மாலையெல்லாம் இரண்டு பேரும் நடக்கப் போவது வழக்கம். நடக்கும்போது அந்த அம்மாவுக்குள் என்னவோ ஒன்று திறந்துகொள்ளும். இந்தப் பச்சைக் கதவு வீட்டில்தான் மகளுக்குப் பாட்டு டீச்சர் இருந்தார் என்பார். இந்த மூலையில்தான் நீங்கள் மழையில் வழுக்கி விழுந்தீர்கள் என்பார். அந்த ஒரு மணி நேரம் அவர் வாயில் 'என்னங்க' என்ற வார்த்தை இருக்கும். வீட்டுக்குத் திரும்பிக் கண்டக்டர் கொஞ்ச நேரம் நாற்காலியில் சாய்ந்துவிட்டால், சில நாள் அது 'சார்' என்று மாறிவிடும்.

மருந்து இல்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். போகும்போது மட்டும், நாலாவது மாடி நிறுவனத்தில் ஓர் ஊசி தயாராகிறதாம், கேட்டுப் பாருங்கள் என்றார். ஆள் நடக்கும்போது தசையிலிருந்து ஏதோ ஒரு புரதம் சுரந்து ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போய், வாடிக்கிடக்கும் ஞாபகத்துக்குத் தண்ணீர் விடுகிறதாம். எலிகளிடம் அதைப் பார்த்துவிட்டார்கள். அதையே ஊசியில் அடைத்துவிட்டால் நடக்காமலே நடந்த பலன் கிடைக்கும். முதலில் மனிதர்களிடம் நடையின் பலனை நிரூபிக்க வேண்டும். அந்த ஆராய்ச்சியில் கடைசிவரை கலந்துகொள்பவரின் குடும்பத்துக்கு ஊசியில் முதல் இடம். கண்டக்டர் காதில் மற்றதெல்லாம் புகுந்து வெளியே போய்விட்டது. ஊசி என்ற ஒரு சொல் மட்டும் தங்கியது.

யார் நடக்க வேண்டும், யார் உட்கார வேண்டும் என்பதைக் கணினி குலுக்கிப் போட்டது. கண்டக்டருக்கு விழுந்தது அசையாதவர் குழு. ஒருங்கிணைப்பாளராக இருந்த இளம்பெண் அதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. இயக்குநரிடமே கேட்டுக்கொள்ளுங்கள் என்று உள்ளே அனுப்பினாள்.

இயக்குநர் சக்கரம் வைத்த நாற்காலியில் இருந்தார். உடம்பில் ஒரு குறையும் இல்லாத மனிதர்தான். ஆனாலும் எழுந்து நடப்பதை அவர் எப்போதோ விட்டுவிட்டார். அலமாரிக்குப் போக வேண்டுமானால் குதிகாலால் தரையை ஓர் உந்து உந்துவார், நாற்காலி போய்ச் சேரும். கூட்டங்களுக்கு நடைவழியிலும் அப்படியே போய்விடுவார்.

"நடை நல்லதுன்னு எல்லாருக்கும் தெரியும்," என்றார். "தெரிஞ்சுட்டா அது அறிவியல் ஆயிடாது. நிரூபிக்கணும். அதுக்கு நடக்காத ஆள் வேணும். நடக்கிறவன் ஊர் பூரா கிடைக்கிறான். ஒழுங்கா, நேர்மையா, பொறுப்பா உட்காருற ஆள்தான் கிடைக்கிறதில்லை."

சாயங்காலம் வீட்டம்மாவோடு ஒரு நடை மட்டும் போய்க்கொள்ளலாமா என்று கண்டக்டர் கேட்டார்.

"அதைத்தான் முதல்ல நிறுத்தணும்."

"நடந்தா ஞாபகத்துக்கு நல்லதுன்னு நீங்களே சொல்றீங்களே சார்."

"அதனாலதான் நீங்க நடக்கக் கூடாது. நீங்களும் நடந்துட்டா, நடக்காதவனுக்கு என்ன கேடு வரும்னு நாங்க எங்க போய்ப் பார்க்கிறது?"

எதிரில் இருப்பவர் படித்தவர் என்பதால் தனக்குத்தான் புரியவில்லை என்று கண்டக்டர் எடுத்துக்கொண்டார். அவர் மணிக்கட்டில் ஒரு பட்டையை மாட்டிவிட்டார்கள். எடுத்து வைக்கும் அடியையெல்லாம் அது நிறுவனத்துக்குச் சொல்லிவிடும். குளியலறை, சமையலறை, வாசல் அளவுக்கு அனுமதி உண்டு. அதற்கு மேல் போனால் பட்டை கத்தும், உடனே போன் வரும்.

அன்று மாலை அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். கண்டக்டர் நாற்காலியில் இருந்தபடியே, இன்றைக்கு வேண்டாம், வா, உட்கார் என்றார். மறுநாளும் அதையே சொன்னார். வாரக்கணக்கில் அதையே சொன்னார். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. வாசலிலேயே இருட்டும்வரை நின்றுவிட்டு உள்ளே வருவார். ஒரு நாள் அவரைக் கூர்ந்து பார்த்துக் கேட்டார்.

"சார், நீங்க யாரைப் பார்க்க வந்திருக்கீங்க?"

"நான்தாம்மா. உன் வீட்டுக்காரன்."

"அவரு உட்கார மாட்டாரே," என்றார் அந்த அம்மா, தப்பான நம்பர் என்று சொல்லும் அதே குரலில்.

கண்டக்டருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. பட்டையைக் கழற்றி எறிந்துவிடலாமா என்று வந்தது. ஆனால் வேலை பார்த்த காலத்தில் ஒரு பயணியையும் டிக்கெட் இல்லாமல் இறங்கவிடாத மனிதர். ஒப்புக்கொண்டதில் ஏமாற்று வேலை செய்வது அவருக்குக் கை வராது. ஊசி வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்து உட்கார்ந்து முழங்கால் பிடித்துக்கொண்டது. ஓடும் பஸ்ஸில் ஒரு கம்பியையும் பிடிக்காமல் நின்ற மனிதர், கட்டிலிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடித்தார்.

ஞாபகச் சோதனைக்கு மாதந்தோறும் போக வேண்டும். அப்படிப் போன ஒரு நாளில் லிஃப்ட் ஓடவில்லை. கண்டக்டர் சந்தோஷமாக முதல் படியில் காலை வைத்தார். மேலேயிருந்து ஒருங்கிணைப்பாளர் பதறிக்கொண்டு ஓடிவந்து தடுத்தாள். நாலு மாடி ஏறினால் அத்தனை மாத உட்காரலும் பாழாகிவிடும் என்றாள். அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப்போவது என்று முடிவாயிற்று.

தூக்குவதற்குத் தசைத் துறைத் தலைவரையும் மூளைத் துறைத் தலைவரையும் மூலக்கூறு துறைத் தலைவரையும் கூப்பிட்டார்கள். தசைத் துறைக்காரர், தன் ஆராய்ச்சி செல் அளவில்தான், முழு மனிதனைத் தூக்குவது அதில் வராது என்று சொல்லிப் பார்த்தார். பிறகு வேறு வழியில்லாமல் நாற்காலியின் ஒரு காலைப் பிடித்தார். முதல் மாடியிலேயே மூன்று பேருக்கும் நாக்கு தள்ளிவிட்டது. இரண்டாவது மாடியில் எலிக்கூண்டுகளுக்கு நடுவே நாற்காலியை இறக்கிவிட்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்கள்.

மூச்சு வாங்கும்போதும் அவர்களுக்குள் பழைய தகராறு ஓயவில்லை. புரதம் தசையிலிருந்து புறப்பட்டதை எங்கள் துறை நிரூபித்தாயிற்று என்றார் தசைக்காரர். மூளைக்கு வந்து சேர்ந்ததை நாங்கள் நிரூபித்தாயிற்று என்றார் மூளைக்காரர். புறப்பட்டதும் வந்து சேர்ந்ததும் ஒரே புரதம்தானா என்று மூலக்கூறுக்காரர் கேட்டார். அதை அறிய நடுவில் இருக்கும் ரத்தத்தைப் பார்க்க வேண்டுமாம். ரத்தத் துறை எதிர்க் கட்டடத்தில் இருக்கிறது, அங்கே போக நடக்க வேண்டும் என்பதால் அந்தக் கேள்வி பல வருஷமாக அப்படியே நிற்கிறதாம். இங்கே ஒரு பஸ் கிளம்பியது, அங்கே ஒரு பஸ் வந்தது, அது இதுதானா என்று நம்பர் பலகையைப் பார்க்க ஒருவருமில்லை என்று கண்டக்டர் மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

அவர்கள் நிலையைப் பார்க்க அவருக்குப் பரிதாபமாக இருந்தது. "நான் வேணா இறங்கி உங்களை ஒவ்வொருத்தரா மேல கொண்டுபோய் விடட்டுமா?" என்று கேட்டார்.

மூன்று பேரும் அதை உண்மையாகவே கொஞ்ச நேரம் யோசித்தார்கள்.

நடக்கக் கூடாதது நடந்தது மழைக்கால ஆரம்பத்தில். வெயில் தாழ்ந்த நேரம், கண்டக்டர் நாற்காலியில் கண்ணயர்ந்துவிட்டார். விழித்தபோது வாசல் திறந்திருந்தது. செருப்பு இல்லை. அந்த அம்மாவும் இல்லை.

கண்டக்டர் எழுந்து தேடிப் போனார். பச்சைக் கதவு வீடு, வழுக்கி விழுந்த மூலை, பூங்கா, மார்க்கெட் எல்லாம் பார்த்தார். முழங்கால் கெஞ்சியது. பட்டை கத்த ஆரம்பித்தது. போன் வந்தது. சார், தயவுசெய்து இருக்கிற இடத்துலயே உட்காருங்க என்றாள் ஒருங்கிணைப்பாளர். அவர் போனைப் பையில் போட்டுக்கொண்டு சந்து சந்தாகத் தேடினார். பயத்தில் கால் வலி தெரியவில்லை.

பழைய பஸ் டிப்போவின் மதில் ஓரம் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். மழையில் நனைந்திருந்தார். வெளியே வரும் ஒவ்வொரு பஸ்ஸுக்குள்ளும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் வேர்க்க விறுவிறுக்க வேகமாக வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டார்.

"என்னங்க, இன்னைக்கு ட்யூட்டி இவ்வளவு நேரமா?" என்று கேட்டார்.

கண்டக்டர் அந்த மதிலோரமே நின்று அழுதார். மாதக்கணக்காக அவரை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

மறுநாளே விசாரணைக் கமிட்டி கூடியது. மனைவியைத் தனியே விட்டுவர இனி மனம் வராமல் கூடவே கூட்டிவந்து, நடைவழி பெஞ்சில் இருந்த தையல்காரரிடம் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனார் கண்டக்டர். தையல்காரர் நடப்பவர் குழுவைச் சேர்ந்தவர், சோதனைக்கு வந்தவர்.

ஆபத்துக்காலத்தில் எழுந்து நடக்கலாம் என்று விதியில் இருந்தது. தீ, வெள்ளம், நிலநடுக்கம் என்று வரிசையாக இருந்தது. மனைவி காணாமல் போவது அதில் இல்லை. மூளைத் துறைக்காரருக்குத் தனிக் கவலை. இவர் பயத்தோடு நடந்திருக்கிறார், இனி ஞாபகத்தில் மாற்றம் தெரிந்தால் அது நடையாலா பயத்தாலா என்று எப்படிப் பிரிப்பது என்றார். தசைத் துறைக்காரர், நடந்தீர்களா ஓடினீர்களா என்று கேட்டார். இரண்டும் வேறு வேறு புரதமாம்.

"தெரியலைங்க," என்றார் கண்டக்டர். "தேடினேன்."

இயக்குநர் நாற்காலியை மேஜையை ஒட்டி உருட்டிக்கொண்டார். "வாடகை வண்டி பிடிச்சு உட்கார்ந்தபடியே தேடியிருக்கலாமே. அந்தப் பொறுப்பு வேணாமா? உங்களுக்கு ஒரு மனைவி. அவங்க ஞாபகம் உங்களுக்கு முக்கியம், நான் மறுக்கல. ஆனா எனக்கு மனிதகுலத்தோட ஞாபகம் முழுக்க முக்கியம். அதுல தனியா ஒருத்தர் ஞாபகத்தைப் பார்க்க எனக்கு ஏது நேரம்?"

முடிவில் மன்னித்தார்கள். மன்னித்ததோடு விடவில்லை. அந்த அம்மாவும் நடப்பதில் ஆர்வம் காட்டியிருப்பதால் அவரையும் ஆராய்ச்சியில் சேர்த்துக்கொள்ளலாம், ஊசிக்கு இன்னும் நெருக்கமாகிவிடும் என்றார்கள். கணினி மறுபடி குலுக்கியது. அந்த அம்மாவுக்கும் அசையாதவர் குழு விழுந்தது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் ஒரே குழு, நல்ல அதிர்ஷ்டம் என்று ஒருங்கிணைப்பாளர் வாழ்த்தினாள். உங்களுக்குத்தான் இப்போது அனுபவம் இருக்கிறதே, அவங்களுக்கும் சொல்லிக்கொடுங்கள் என்றாள்.

கண்டக்டர் புதுப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். முகம் செத்துப்போயிருந்தது. தையல்காரர் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தன் வெறும் மணிக்கட்டைக் காட்டினார்.

"அண்ணே, என் பட்டை பேத்தி தொட்டில்ல கட்டிக் கிடக்கு. சோதனைக்கு வர்ற அன்னைக்கு மாட்டிட்டு வருவேன், இன்னைக்கு அதுவும் மறந்துபோச்சு. தொட்டில் ஆடுனா நான் நடக்கிறேன். பாப்பா அழுதுச்சுன்னா ஓடுறேன். போன வாரம் அதுக்கு வயித்து வலி, விடிய விடிய ஆட்டுனோம். இங்கிருந்து போன் பண்ணிப் பாராட்டுறாங்க."

"நீங்க நடக்கிறதே இல்லையா?"

"கடையைப் பார்ப்பனா, நடப்பனா? எங்க குழுவுல ஒருத்தர் பட்டையைத் துணி துவைக்கிற மெஷின் மேல வெச்சிருக்காரு. உங்க குழு மட்டும் என்னங்கிறீங்க? பட்டையைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு ஜோரா சுத்திட்டு வர்றாங்க. இத்தனை மாசமா நிஜமாவே உட்கார்ந்திருந்தது நீங்க ஒருத்தர்தான்ணே."

கண்டக்டருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா நேற்றைய மழையில் பிடித்த சளியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். இந்த மாதங்களில் அவரிடமிருந்து எத்தனை வீடும் எத்தனை தெருவும் போயிருக்கும் என்று எண்ணிப் பார்த்தார். அதில் ஒன்றும் திரும்ப வராது என்பதும் அவருக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் இரண்டு பட்டைகளையும் சமையலறை ஆணியில் மாட்டினார். வெயில் தாழ்ந்ததும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். அன்றிலிருந்து ஒரு நாளும் தவறவில்லை.

நாலாவது மாடி மண்டபத்தில் நடந்த முடிவு அறிவிப்பு விழாவுக்கு ஆராய்ச்சியில் இருந்த எல்லோரையும் அழைத்திருந்தார்கள். கண்டக்டர் தம்பதிக்கு முன்வரிசையில் இடம். அத்தனை பேரிலும் மிகச் சுத்தமான தகவல் அவர்கள் பட்டையிலிருந்து வந்ததுதானாம். கமிட்டிக்குப் பிறகு ஓர் அடிகூட அசையவில்லையாம். கூச்சம் தாங்காமல் அவர் ஒருங்கிணைப்பாளரைத் தனியே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிட்டார். அவள் கண்ணுக்கடியில் கருவளையம் விழுந்திருந்தது. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"சார், பட்டை சொல்றது தகவல். நீங்க சொல்றது அபிப்பிராயம்," என்றாள். "தகவல் வாங்கி முடிச்சாச்சு. அபிப்பிராயத்துக்கு இங்க இடம் இல்லை. போய் உட்காருங்க சார்."

இயக்குநர் மேடைக்கு உருண்டு வந்தார். நடந்தவர்களின் ஞாபகத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லை என்றார். சிலருக்குக் குறைந்தே போயிருந்ததாம். அசையாமல் இருந்தவர்களின் ஞாபகமோ அப்படியே நின்றதாம், பலருக்குக் கூடியும் இருந்ததாம். தையல்காரர் இரண்டு வரிசை தள்ளி இருமினார்.

"உலகமே நடைன்னு சொல்லிட்டு இருந்தப்ப, இந்த நாற்காலியை நம்பின ஆள் நான்," என்றார் இயக்குநர். "இன்னைக்கு அறிவியல் என் பக்கம் வந்திருக்கு. இனி நாம தேட வேண்டியது, உட்காரும்போது சுரக்கிற புரதத்தை. அதுக்குத் தனித் துறை வருது. எலிகளுக்குச் சின்ன நாற்காலி செய்யச் சொல்லியாச்சு."

கண்டக்டர் கையைத் தூக்கினார். "சார், அந்த ஊசி?"

"நடையால பலனே இல்லைன்னு ஆன பிறகு, நடையோட பலனைத் தர்ற ஊசி எதுக்கு? அதை நிறுத்தியாச்சு."

எல்லோரும் கைதட்டினார்கள். கண்டக்டரும் கையை ஒருமுறை சேர்த்தார், பிறகு மடியில் போட்டுக்கொண்டார். அந்த ஊசிக்காகத்தான் மனைவியை வாசலில் நிற்க வைத்துவிட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார். அழுகை வரவில்லை. யாரையும் திட்டத் தோன்றவில்லை. பெரிய அலுப்பு ஒன்றுதான் வந்தது.

ஜன்னலில் வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது. அந்த அம்மா குனிந்து நாற்காலிக்கடியில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு எழுந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் மரியாதையாகச் சொன்னார்.

"சார், கொஞ்சம் வழி விடுறீங்களா? எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம்."

கண்டக்டர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"வந்துட்டீங்களா? நேரமாச்சுங்க, வாங்க."

மேடையிலிருந்து இயக்குநர் பார்த்துவிட்டார். அம்மா, உட்காருங்க, உங்களை வைத்துத்தான் இந்த ஆராய்ச்சியே, தயவுசெய்து எழுந்திருக்காதீங்க என்று மைக்கில் கெஞ்சினார். அந்த அம்மா திரும்பி அவரையும் அவர் நாற்காலியையும் அதன் சக்கரங்களையும் நிதானமாகப் பார்த்தார். முகத்தில் இரக்கம் வந்தது. குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், ஆனால் மண்டபம் முழுவதும் கேட்டது.

"பாவங்க, இவருக்கு நடக்க வராதா? நாளைக்கு நாம போகும்போது இவரையும் மெதுவா கூட்டிட்டுப் போலாமே."

இயக்குநர் குதிகாலைத் தரையில் ஊன்றி, நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

"கேட்டுப் பார்க்கிறேம்மா," என்றார் கண்டக்டர். லிஃப்ட்டுக்காக நின்றவர்களைத் தாண்டி, எலிக்கூண்டுகளுக்கு நடுவே ஒருக்களித்து, இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள்.